ஆற்றங்கரையில் அயலார்

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையில் அமைந்த குடந்தை நகரில் இக்கால் புதுவகை மாந்தர் சிலர் வாழ்கின்றனர். 2020-இல் கொரோனாப் பெருந்தொற்று அலுவலகங்களை அடைத்தபொழுது, சென்னையிலும் பெங்களூரிலும் கணிப்பொறிப் பணி செய்தோர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். பின்னர்ப் பலர் பெருநகர்களுக்கே மீண்டும் போயினர். சிலர் ஊரிலேயே தங்கிவிட்டனர். ஒளியிழை வடம் வீட்டுக்குள் வந்துவிட்டது. அமெரிக்க நிறுவனத்துக்கு ஆற்றங்கரை வீட்டிலிருந்தே உழைக்கலாம் என்னும் நிலை பிறந்தது. நன்று! முதிய பெற்றோரைத் தனியே விட்டுப் பிழைப்புக்காக ஊரைத் துறக்க வேண்டிய கொடுமை சிலர்க்கேனும் நீங்கியது. அதனை எவரும் பழிக்கார்.

ஆனால், உடல் ஊருக்கு மீண்டது, உள்ளம் மீண்டதா?

நியூயார்க்கில் காலை ஒன்பது மணியாகும்பொழுது குடந்தையில் மாலை ஆறரையோ ஏழரையோ ஆகிறது. ஊர் விளக்கேற்றும் வேளையில் இவர்க்குப் பொழுது விடிகிறது. நள்ளிரவு வரை ஆங்கிலத்தில் பேசுகிறார். அது பணி; போகட்டும். பணி முடிந்த பின்னும் அவர் நாவினின்று அந்த ஆங்கிலம் இறங்குவதில்லை என்பதன்றோ கொடுமை! பெற்ற பிள்ளையிடம் ஆங்கிலம். நண்பர்க்கு எழுதும் இரண்டு வரி வாழ்த்திலும் ஆங்கிலம். வீட்டுக்குப் பின்னே ஓடும் வாய்க்காலின் பெயர் அவர் பிள்ளைக்குத் தெரியாது. மதகு, மடை, குறுவை, தாளடி என்னும் சொற்கள் அப்பிள்ளைக்குப் பிறநாட்டுச் சொற்கள். பிறந்த மண்ணிலேயே அயலாராய்க் குடியிருப்பது இதுதான்! கடல் கடந்து போனவரேனும் என்றோ ஒரு நாள் ஊர் திரும்பலாம். ஊரிலேயே அயலாராகிவிட்டவர் எங்கிருந்து எங்கே திரும்புவார்?

உண்மையான அயலார் ஒருவர் இப்பகுதியில் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியிலிருந்து வந்த பெசுகி, கொள்ளிடத்தின் வடபால் உள்ள ஏலாக்குறிச்சியில் தங்கினார். மதம் பரப்ப வந்தவர்தாம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் வந்த இடத்தின் மொழியை அவர் கீழாக எண்ணவில்லை. தமிழ் கற்றார், வீரமாமுனிவர் ஆனார், தேம்பாவணி பாடினார், 1732-இல் சதுரகராதி தொகுத்தார். அயலவர் தமிழராக முயன்ற அதே ஆற்று வெளியில், தமிழர் அயலவராக முயல்கின்றனர்!

தொலைவிலிருந்து பணிசெய்தல் என்பதும் குடந்தைக்குப் புதிதன்று. 1880 முதல் 1903 வரை உ.வே. சாமிநாதர் குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். நூல்கள் அச்சானது சென்னையில். சுவடிகள் வந்தது பற்பல ஊர்களிலிருந்து. உழைப்பு நடந்தது பெரிதும் காவிரிக் கரையில். 1887-இல் சீவக சிந்தாமணியும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் அவ்வுழைப்பால் வெளிவந்தன. அவர்க்கு இணையம் இல்லை, கணிப்பொறி இல்லை. இன்று இரண்டும் உள்ளவர்கள் தமிழுக்கு ஒரு பக்கமேனும் தட்டச்சு செய்தனரா? 1999-இல் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையைக் கையாளத் தெரிந்தவர் அவருள் எத்துணைப் பேர்?

“சம்பளம் ஆங்கிலத்தில் வருகிறது, என் செய்வது?” என்பர். குடந்தைக்கு அருகிலுள்ள சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்ப்போரைப் பார்க்கட்டும். அவர்தம் படைப்புகளும் கடல் கடந்து போகின்றன. அவர்க்கும் வெளிநாட்டுப் பணம் வருகிறது. மெழுகில் உருச்செய்து, காவிரி வண்டல் பூசி, உருக்கி வார்க்கும் அவர்கள், வாங்குவோர் மொழி வேறு என்பதற்காகத் தம் பட்டறையின் மொழியை மாற்றிக்கொள்ளவில்லை. விற்பது உழைப்பை, நாவை அன்று! நாளுக்கு எட்டு மணி நேரம் நிறுவனத்துக்கு உரியதாயின், எஞ்சிய பதினாறு மணி நேரமும் யாருக்கு உரியது?

இப்பழி முழுதும் அவர்மேல் மட்டுமே சாராது. 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றிய நாடு இது. ஆயினும், பொறியியலைத் தமிழ்வழியில் கற்பிக்க அண்ணா பல்கலைக்கழகம் முன்வந்தது 2010-இல்தான். அன்றும் கட்டடவியல், இயந்திரவியல் என்னும் இரண்டே பிரிவுகள். கணிப்பொறியியல் அதில் இல்லை! அரைநூற்றாண்டுக்கு மேலாகத் தொழிற்கல்வியில் தமிழை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, கற்றவன் வாயில் மட்டும் தமிழைத் தேடினால் கிடைக்குமா? அரசு செய்த குற்றம் அது. எனினும், அரசின் குற்றம் தந்தையின் குற்றத்தை மறைக்காது. வீட்டில் தமிழ் பேசச் சட்டம் வேண்டியதில்லை. மானம் இருந்தால் போதும்.

ஊர் திரும்பியோர் செய்ய வேண்டுவன பெரியன அல்ல. பிள்ளையைத் தமிழ்வழிப் பள்ளியில் சேர்க்கலாம். நாள்தோறும் கையாளும் கணிப்பொறிக் கலைச்சொற்களுக்குத் தமிழ் காணலாம். கண்டவற்றை ஊர்ப் பள்ளியில் விடுமுறை நாளில் கற்பிக்கலாம். கணிப்பொறியும் கைப்பேசியும் தமிழில் இயங்க வல்லவை. அவற்றைத் தமிழில் இயக்கலாம். அறிவு ஊருக்குள் வந்தும் ஊர்மொழிக்குள் வாராவிடில், அவ்வறிவால் ஊருக்கு என்ன பயன்?

காவிரி குடகில் பிறக்கிறது. ஆனால் குடந்தையில் பாயும்பொழுது குடந்தையின் வயலையே நனைக்கிறது. எங்கிருந்தோ வரும் ஊதியமும் அவ்வாறே பாயட்டும்! தமிழ் மண்ணில் வாழ்வோர் தமிழராய் வாழட்டும்! குடமூக்கு என்னும் நற்றமிழ்ப் பெயரைக் கும்பகோணம் என மாற்றினர் முன்னோர். பெயரை இழந்த ஊர், பேச்சையும் இழக்க வேண்டுமா?