மூட்டையில் அச்சிட்ட ஊர்ப்பெயரும் ஓர் அமானிதமே

துபாயிலும் தோஹாவிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உள்ள நம்மவர் கடைகளில் அரிசி அடுக்கிய பகுதிக்குச் சென்றால், நம் ஊரே பைகளில் ஏறி வந்து நிற்பதைக் காணலாம். ஒரு பையில் பச்சை வயலும் மாட்டுவண்டியும் இருக்கும். இன்னொன்றில் அடுப்பங்கரையில் சோறு வடிக்கும் மூதாட்டி இருப்பார். ஊர் மணம், தாய்மண்ணின் சுவை, பாரம்பரியச் சம்பா என்ற பாங்கில் பெரிய எழுத்துகள் முன்பக்கத்தை நிறைத்திருக்கும். பக்கத்தில் இருக்கும் வேற்று நாட்டு அரிசியைவிட விலை கூடுதலாக இருந்தாலும், நம் மக்கள் மனமுவந்து அதையே எடுக்கிறார்கள்.

அவ்வாறு எடுப்பதில் குறை ஏதுமில்லை. பிறந்த மண்ணை நேசிப்பது மனித இயல்பு. மக்காவைவிட்டுப் புறப்பட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்நகரின்மீது கொண்டிருந்த நேசத்தை நபிமொழி நூல்கள் பதிவு செய்துள்ளன. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பல ஆண்டுகள் அயலில் உழைக்கும் சபராளி ஒருவர், வெள்ளிக்கிழமை பகலில் அறைத் தோழர்களோடு சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் சோறு ஊர்ச் சோறாக இருக்க வேண்டும் என்று விரும்புவது இயற்கையே.

நாம் கேட்க விரும்புவது வேறொன்று. பையின் முன்பக்கம் சொல்லும் ஊரும் உள்ளே இருக்கும் நெல் விளைந்த ஊரும் ஒன்றுதானா? ஒன்றில்லை எனில், அந்த விற்பனையை மார்க்கம் எப்படிப் பார்க்கிறது?

முதலில் பெயர்களைப் பற்றிச் சற்றுத் தெளிவு தேவை. ‘பொன்னி’ என்பது காவிரியின் பெயர். ஆதலால் பொன்னி அரிசி என்றவுடன் தஞ்சை, நாகை, திருவாரூர் வயல்கள் நம் கண்முன் விரிகின்றன. ஆனால் பொன்னி என்பது நெல் ரகத்தின் பெயரேயன்றி விளைந்த இடத்தின் பெயரன்று. தைவான் நாட்டு ரகம் ஒன்றையும் மலாயா நாட்டு ரகம் ஒன்றையும் கலந்து மலேசியாவில் உருவாக்கப்பட்ட ‘மசூரி’தான் அதன் மூலம். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதிலிருந்து தெரிவு செய்து, மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னியை 1986இல் வெளியிட்டது. இன்று மலேசியாவில் வாழும் தமிழர் தாய்நாட்டு அரிசி என்று தேடி வாங்கும் பொன்னிக்குத் தாய்வீடு மலேசியாவே! இதனால் பொன்னியின் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை. பெயரில் இருக்கும் ஊரும் விளைந்த ஊரும் வேறு வேறாக இருக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

நம் ஊர்க் கடைக்காரர்கள் இந்த வேறுபாட்டை நன்கு அறிந்தவர்கள். பாபட்லாவில் உருவான பி.பி.டி. 5204 ரகத்தை ‘ஆந்திராப் பொன்னி’ என்றே சொல்லி விற்பார்கள். ‘கர்நாடகாப் பொன்னி’ என்ற பெயரும் கடைத்தெருவில் வழங்குகிறது. வாங்குபவர் தெரிந்தே வாங்குகிறார். அதே அரிசி கடல் கடக்கும்போது முன்னால் இருந்த ஆந்திராவும் கர்நாடகாவும் உதிர்ந்து, அந்த இடத்தில் காவிரிக்கரைப் படம் ஒன்று ஒட்டப்பட்டால், அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. சீரகச் சம்பாவின் நிலையும் அவ்வாறே. மேற்கு வங்கத்தின் கோபிந்தபோக், வயநாட்டின் ஜீரகசாலை ஆகியவையும் சிறுமணி கொண்ட மணமுள்ள அரிசிகளே. ஒவ்வொன்றும் தன் பெயரில் சிறந்தது. ஆயினும் ஒன்றை மற்றொன்றின் பெயரில் விற்றால் பிரியாணி ஆக்கும் பண்டாரி ஒருவேளை கண்டுபிடிப்பார். அயல்நாட்டில் பை பிரிக்கும் இளம் மனைவி கண்டுபிடிக்கமாட்டார்.

தானிய விற்பனை குறித்த நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட அண்ணலார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் இந்நிகழ்வில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வணிகர் வாயால் பொய் எதுவும் சொல்லவில்லை. ஈரமான தானியம் ஹராமும் அன்று. குவியலை அடுக்கிய விதம்தான் குற்றமாயிற்று. இன்றைய அரிசிப் பையின் முன்பக்கம் அந்தக் குவியலின் மேற்பரப்பைப் போன்றது.

ஃபிக்ஹு நூல்களின் வணிக அத்தியாயம் இதை இன்னும் நுட்பமாக அலசுகிறது. ஆட்டையோ ஒட்டகத்தையோ சில நாள் கறக்காமல் விட்டு, மடி பெருத்திருக்கும்போது விற்பதை அண்ணலார் தடுத்தார்கள். ஏமாந்தவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் அளித்தார்கள். இதைப் பின்பற்றி இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ நூலில் வேறு சில உதாரணங்களையும் சேர்க்கிறார்கள். அவற்றுள் ஒன்று, வாய்க்காலின் நீரையோ நீரால் சுழலும் மாவரைக்கும் ஆலையின் நீரையோ தேக்கி வைத்து, விற்கும் நேரத்தில் திறந்துவிட்டு, எப்போதும் நீர் பெருகி ஓடுவதுபோல் காட்டுவது. வாங்கியவருக்கு இங்கும் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு.

அதே இடத்தில் மாறான உதாரணம் ஒன்றும் வருகிறது. அடிமைகள் விற்கப்பட்ட அக்காலத்தில், எழுத்தறிவு உள்ளவர் என்று எண்ணவைக்க அடிமையின் ஆடையில் மையைப் பூசி விற்றால் என்ன சட்டம்? சரியான கருத்தின்படி இங்கே திருப்பிக் கொடுக்கும் உரிமை இல்லை. மைக்கறை உறுதியான அடையாளம் அன்று. அதை நம்பிய வாங்குபவர் விசாரித்திருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் கூறும் காரணம். அதனால் மை பூசியவர் செய்தது நற்செயல் ஆகிவிடாது. வாங்குபவருக்கும் விசாரிக்கும் கடமை உண்டு என்பதே அதன் பாடம்.

இவ்விரு உதாரணங்களும் நம் அரிசிப் பைக்கு ஓர் அளவுகோலைத் தருகின்றன என்பது எமது கருத்து. பொதுவாக ஒரு வயலின் படம் போட்டிருந்தால் அது மைக்கறை போன்றது. எல்லா நெல்லும் வயலில்தான் விளைகிறது. ஆனால் தஞ்சாவூர் என்றோ காவிரி டெல்டா என்றோ யாழ்ப்பாணம் என்றோ ஊரின் பெயரை அச்சிட்டு, அதற்காகக் கூடுதல் விலையும் பெற்று, உள்ளே வேறு மண்ணின் அரிசியை நிரப்பினால், அது தேக்கிய நீரைத் திறந்துவிடும் செயலேயாகும். அதற்குச் சாக்கு இல்லை.

வணிகச் சகோதரர்கள் சிலர் வேறு விதமாக வாதிடுவதுண்டு. “அரிசி நல்ல அரிசி, எடை சரி, உண்பவருக்குத் தீங்கில்லை, எங்கே விளைந்தால் என்ன?” என்பார்கள். எங்கே விளைந்தாலும் ஒன்றுதான் எனில், ஊரின் பெயரைப் பையில் எதற்காக அச்சிட வேண்டும்? பெயருக்கு விலை இருப்பதால்தானே அச்சிடுகிறோம்? விலை பெறும் எதுவும் விற்கப்படும் பொருளின் ஒரு பகுதியே. அதில் குறை வைத்தால், அளவில் குறைப்போரைக் கண்டிக்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தின் எச்சரிக்கையை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

“அங்காடியின் வழக்கம் அப்படித்தான்; யாரால் சரிபார்க்க முடியும்?” என்பது இன்னொரு வாதம். முடியும் என்பதற்குப் பாசுமதியே சான்று. 1997இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று பாசுமதி தொடர்பாகக் காப்புரிமை பெற்றது. இந்தியா எதிர்த்த பின் அதன் உரிமைக் கோரல்களில் பெரும்பாலானவை நிற்கவில்லை. 2016இல் இமயமலை அடிவாரச் சமவெளிப் பகுதிகளுக்குரிய புவிசார் குறியீட்டை இந்தியாவில் பாசுமதி பெற்றது. பிரிட்டனில் வகுக்கப்பட்ட நடைமுறை நெறிப்படி, 7 சதவீதத்துக்கு மேல் வேறு அரிசி கலந்தால் அதைப் பாசுமதி என்று விற்கலாகாது. மரபணுச் சோதனை கலப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பெயரைக் காக்க வேண்டும் என்று உற்பத்தியாளரும் வணிகரும் அரசும் முனைந்தால் காக்கலாம். மாறாக, நாம் அசட்டையாக இருந்தால் பெயர் பிறர் கைக்குப் போகும். ‘பொன்னி’ என்ற பெயரை மலேசியாவில் ஒரு நிறுவனம் வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டதும், இந்திய அரசின் ஏற்றுமதி அமைப்பான அபேடா அதை எதிர்த்து அங்கே நீதிமன்றம் செல்ல நேர்ந்ததும் நமக்குப் பாடமாக வேண்டும்.

மேலும், உண்மை ஆவணங்களில் இல்லாமல் இல்லை. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா தடை செய்தபோது, அமெரிக்காவிலுள்ள இந்தியக் கடைகளில் மக்கள் மூட்டை மூட்டையாக வாங்கிச் சென்றார்கள். அடுத்த சில நாள்களில் ஐக்கிய அரபு அமீரகம், இந்திய அரிசியை அங்கிருந்து மறு ஏற்றுமதி செய்வதை நான்கு மாதங்களுக்கு நிறுத்தியது. 2024 செப்டம்பரில்தான் இந்தியா தடையை நீக்கியது. எந்த அரிசி எந்த நாட்டில் விளைந்தது என்று துல்லியமாகத் தெரியாமல் இத்தகைய ஆணைகளைச் செயல்படுத்த இயலுமா? சுங்கத் துறைக்குத் தரும் தாளில் உண்மையை எழுதுகிறோம். பணம் கொடுத்து வாங்கும் குடும்பத்துக்கு மட்டும் அதை ஏன் மறைக்க வேண்டும்?

இதில் பாதிக்கப்படுபவர் வாங்குபவர் மட்டுமல்லர். மேட்டூர் அணை எப்போது திறக்கும் என்று எதிர்பார்த்துக் குறுவையும் சம்பாவும் நடும் உழவரின் மண்ணுக்கு உள்ள நற்பெயரை விற்றுவிட்டு, அதன் பயனில் ஒரு காசும் அவருக்குச் சேராமல் செய்கிறோம். வங்கத்து உழவரின் உழைப்பையும் அவர் பெயர் சொல்லாமல் மறைக்கிறோம். ஒரே பையில் இருவரின் உரிமை போகிறது. மக்களின் பொருள்களைக் குறைத்துவிடாதீர்கள் என்று மத்யன் மக்களுக்கு நபி ஷுஐப் (அலை) அவர்கள் சொன்ன அறிவுரை இங்கும் பொருந்தும்.

இதற்குத் தீர்வு கடினமானதன்று. பையில் நான்கு செய்திகள் தெளிவாக இருந்தால் போதும்: நெல் ரகம் எது, எந்த மாநிலத்தில் அல்லது நாட்டில் விளைந்தது, எங்கே அரைத்துப் பையிடப்பட்டது, எந்த ஆண்டின் அறுவடை. ஆரணியில் அரைத்த அரிசி ஆரணியில் விளைந்ததாகிவிடாது; துபாயில் பையிடப்பட்டது துபாயின் விளைச்சலும் அன்று. கலப்பு என்றால் கலப்பு என்றே எழுதலாம். பழைய அரிசி உதிரியாக வரும், புது அரிசி குழையும் என்பதைச் சமைப்பவர்கள் அறிவார்கள். ஆகவே அறுவடை ஆண்டும் அவர்களுக்குப் பயனுள்ள செய்தியே.

வாங்குபவர்கள் முன்பக்கத்தோடு நின்றுவிடாமல் பின்பக்கச் சிறிய எழுத்தையும் வாசிக்க வேண்டும். புரியாவிட்டால் கடைக்காரரிடம் கேட்க வேண்டும். தெரியாதபோது, “தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்” என்று கடைக்காரர் சொன்னால் அதுவும் வாய்மையே. நோன்புக் கஞ்சிக்கும் வலீமா விருந்துகளுக்கும் மொத்தமாக அரிசி வாங்கும் அயலக ஜமாஅத் அமைப்புகளுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. தனியொருவர் கேட்டால் சிரித்து நகரும் மொத்த வியாபாரி, ஐம்பது மூட்டை வாங்கும் அமைப்பு கேட்டால் பதில் சொல்வார்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, உள்ளதைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வணிகத்தில் பரக்கத் உண்டு. மறைத்துப் பொய்யுரைத்தால் அது அழிந்துவிடும் என்பது நபிகளார் (ஸல்) காட்டிய வழி. அயல்நாட்டில் நம்மவர் கடையில் நம்மவர் வாங்குவது, விலையைவிட நம்பிக்கையைப் பார்த்துத்தான். கர்நாடகத்து அரிசியைக் கர்நாடகத்து அரிசி என்றே எழுதி விற்கும் வணிகர் ஒருவேளை சில பைகளை இழக்கலாம். அந்த நம்பிக்கையை இழக்கமாட்டார். அத்தகைய வணிகர்களை நம் சமுதாயத்தில் அல்லாஹ் பெருகச் செய்வானாக.