தொண்டர் தலைவரான கதை



டீக்கன் என்றதும் தேவாலயம்தான் நினைவுக்கு வரும். நம் கத்தோலிக்க நண்பர்கள் அவரை அழகாகத் 'திருத்தொண்டர்' என்பார்கள். மூலமான கிரேக்கச் சொல்லுக்கும் பணிவிடை செய்பவர் என்றே பொருள். அந்தச் சொல் ஸ்காட்லாந்தில் தச்சுப் பட்டறைக்குள் நுழைந்து நாட்டாமை ஆகிவிட்ட கதையைப் படித்ததிலிருந்து உங்களிடம் சொல்ல மனசு துறுதுறுக்கிறது.

ஒவ்வொரு தொழிலாரும் தங்களுக்குள் விவரமான ஒருவரை டீக்கனாகத் தேர்ந்தெடுக்கட்டும், அவர் வேலையின் தரத்தைப் பார்க்கட்டும் என்று 1424இல் அங்கே சட்டம் வந்தது. கொல்லர், தச்சர், நெசவாளர், ரொட்டி சுடுபவர் எல்லாருக்கும் டீக்கன். எடின்பரோவில் நாவிதரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கம், அவர்களுக்கும் அப்படியே! 1457 முதல், பொற்கொல்லர் செய்த வெள்ளிச் சாமானில் செய்தவர் முத்திரைக்குப் பக்கத்திலேயே டீக்கனும் தன் முத்திரையைக் குத்தியாக வேண்டும். கலப்படம் என்றால் அவர் பெயரும் சேர்ந்து கெடும்.

கைவினைஞர்கள் கூட்டம் சேர்ந்தால் ஆள்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் அல்லவா? 1555இல் டீக்கன் பதவியையே ஒழித்தார்கள். மறு வருடமே திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. போகப்போக, எந்த வேலையிலும் கைதேர்ந்தவரை 'அவர் அதில் டீக்கன்' என்று சொல்லும் வழக்கமும் ஸ்காட்டியப் பேச்சில் வந்துவிட்டது.

இத்தனை மரியாதையான சொல்லோடு ஒரு திருடன் பெயர் ஒட்டிக்கொண்டதுதான் வேடிக்கை. எடின்பரோ தச்சர்களின் டீக்கன், நகரசபை உறுப்பினர் வில்லியம் பிராடி. பகலில் பெரிய மனிதர்; வாடிக்கையாளர் வீடுகளில் பூட்டு மாட்டித் தருவார். சாவியின் அச்சை எடுத்து வைத்துக்கொண்டு ராத்திரி வேறு வேலை. 1788இல் கலால் அலுவலகத்தில் புகுந்தபோது அவர் கூட்டத்துக்குக் கிடைத்தது வெறும் 16 பவுண்டுதான். ஆம்ஸ்டர்டாமுக்கு ஓடியவரைப் பிடித்து வந்து அக்டோபர் 1ஆம் தேதி தூக்கிலிட்டார்கள்.

ஆனால் ஆள் நல்ல தச்சர், அதில் சந்தேகமில்லை. அவர் கைபட்ட அலமாரி ஒன்று பின்னாளில் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் என்கிற சிறுவனின் படுக்கையறையில் நின்றது. ஜெகில், ஹைட் என்று ஒரே ஆளை இரண்டாகப் பிளந்து கதை எழுதினாரே, அவரேதான். அலமாரி இப்போது எடின்பரோ எழுத்தாளர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்