நோயாளிப் பதிவேட்டுக்கும் படிப்பு வேண்டும்



மருத்துவப் பதிவுகள் கணினிக்கு மாறிவருகின்றன. கர்ப்பிணிகளுக்கு பிக்மி எனும் பேறுகாலப் பதிவு எண், விரும்புவோருக்கு ஆபா எனும் 14 இலக்க சுகாதாரக் கணக்கு எண் என்று வந்துவிட்டது. திருவேங்கடம் போன்ற ஊர்களில் இந்தப் பதிவு வேலையும் கிராம சுகாதாரச் செவிலியர் தலையில்தான் விழுகிறது. அவர் தடுப்பூசி போடுவாரா, கணினியில் பதிவு ஏற்றுவாரா? ரத்த வகையோ, மருந்து ஒவ்வாமையோ தவறாகப் பதிவானால், அந்தப் பிழை அடுத்த மருத்துவமனைவரை தொடரும்.

2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், இத்தகைய பதிவுகளைக் கையாளும் சுகாதாரத் தகவல் மேலாண்மையைத் தனித் தொழிலாகவே அங்கீகரித்திருக்கிறது. எனவே தென்காசி மாவட்ட அரசுக் கல்லூரி ஒன்றில் இதற்கான பட்டயப் படிப்பைத் தொடங்க வேண்டும். நோய்க் குறியீட்டு முறையும் நோயாளி விவரங்களின் ரகசியக் காப்பும் கட்டாயப் பாடங்களாக இருக்கட்டும். படித்தவர்களை ஆரம்ப சுகாதார நிலையங்களில் நியமித்தால், செவிலியர்கள் தங்கள் பணியை நிம்மதியாகப் பார்ப்பார்கள்.

- வாசகர், திருவேங்கடம், தென்காசி மாவட்டம்