முத்திரைத் தாளில் முடியுமா விவாகரத்து?

ஈக்காட்டுத்தாங்கல் சங்க ஆபீஸுக்குச் சென்ற மாதம் ஒரு லேத் தொழிலாளி வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு முத்திரைத் தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். "எனக்கும் அவளுக்கும் தீர்ந்துவிட்டது, தோழர். ஆவணியில் வேறு கல்யாணம் வைத்திருக்கிறார்கள். சங்கத்தார் அவசியம் வரவேண்டும்" என்றார்.

இருபது ரூபாய்த் தாள். இரு வீட்டுப் பெரியவர்களின் கையெழுத்து, ஒரு நோட்டரியின் ரப்பர் முத்திரை. இன்று முதல் நமக்குள் கணவன் மனைவி என்ற பாத்தியதை இல்லை, ஜீவனாம்சம் கேட்கமாட்டேன், குழந்தை தாயிடம் இருக்கும் என்று மூன்று வரி. அந்தப் பெண் கையெழுத்துப் போடத் தெரிந்தவள்தான். படித்துப் பார்த்துவிட்டுப் போடம்மா என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒருவர் கூட இல்லை.

தோழர்களே, அந்தத் தாள் விவாகரத்து அல்ல. அதை வைத்துக்கொண்டு ஆவணியில் தாலி கட்டியிருந்தால் அவர் ஜெயிலுக்குப் போகும்படி நேர்ந்திருக்கும். கட்டிக்கொண்ட பெண் சட்டத்தின் கண்ணில் மனைவியாக ஆகியிருக்கமாட்டாள்.

இது கிண்டி எஸ்டேட்டில் மட்டும் நடப்பதல்ல. செய்யாறு, வந்தவாசிப் பக்கம் நாற்று நடும் பெண்களைக் கேட்டாலும் இதே கதைதான். அங்கே ஆலமரத்தடி, இங்கே கல்யாண மண்டபத்துத் திண்ணை. தாள் ஒன்றே.

சட்டம் என்ன சொல்கிறது? 1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டப்படி செய்த கல்யாணத்தைக் கோர்ட்தான் முறிக்க முடியும். பெரியவர்கள் முறிக்க முடியாது, போலீஸ் ஸ்டேஷன் முறிக்க முடியாது, நோட்டரியும் முறிக்க முடியாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. ஒரு சாதியில் பரம்பரையாக விவாகரத்து வழக்கம் இருந்தால், அதை 29-வது பிரிவு காப்பாற்றுகிறது. ஆனால் அப்படி வழக்கம் இருந்தது, விடாமல் நடந்து வந்தது என்று சொல்கிறவரே சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபிக்க முடியாமல் தோற்றவர்கள் ஏராளம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. துரும்பைக் கிள்ளிப் போட்டுப் பிரிவதும், அறுத்துக் கட்டுவதும் நம் உழைக்கும் சாதிகளில் எந்தச் சட்டமும் வருவதற்கு முன்பே இருந்தவை. அவற்றை இழிவென்று சொன்னவர்கள் மேல்சாதியார். செத்தாலும் பிரியக்கூடாது என்ற அவர்கள் வழக்கமே சாஸ்திரமாயிற்று, சாஸ்திரமே சட்டமாயிற்று. அதை உடைக்க 1949-ல் சென்னை மாகாணத்தில் இருதார மணத் தடை, விவாகரத்துச் சட்டம் வர வேண்டியிருந்தது. இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை நிறைவேற்ற விடாமல் இழுத்தடித்ததால் டாக்டர் அம்பேத்கர் 1951-ல் மந்திரி பதவியை உதறிவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைக் கல்யாணம் செல்லாது என்று 1953-ல் சென்னை ஐகோர்ட் தீர்ப்பளித்தது. அண்ணாதுரை முதல்வராக இருந்த 1967-ல் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்த பிறகே அந்தக் கல்யாணங்கள் சட்டப்படி நின்றன. உற்றார் உறவினர் முன் மாலை மாற்றினாலும், மோதிரம் போட்டாலும், தாலி கட்டினாலும் போதும்.

இந்த 7-ஏ பிரிவை வைத்து நடந்த ஒரு வழக்கு, லேத் தொழிலாளியைப் போன்றவர்கள் அறிய வேண்டியது. மனைவியும் குழந்தைகளும் இருக்க, ஒருவர் 1984-ல் திருத்தணியில் இன்னொரு பெண்ணை மணந்தார். முதல் மனைவி வழக்குப் போட்டாள். இரண்டாவது கல்யாணத்தில் ஏழடி எடுத்து வைக்கும் சடங்கு நடந்ததாக நிரூபணமில்லை, ஆகவே அது கல்யாணமே அல்ல என்று வாதம்! கீழ்க்கோர்ட் அதை ஏற்று அவரை விடுதலை செய்தது. ஐகோர்ட் அவரைக் குற்றவாளி என்றது. தமிழ்நாட்டில் 7-ஏ இருக்கிறது, ஏழடி அவசியமில்லை என்று சொல்லி 2001-ல் சுப்ரீம் கோர்ட் ஐகோர்ட்டின் முடிவை உறுதி செய்தது. சடங்கில் ஓட்டை தேடியவர் சட்டத்தில் மாட்டிக்கொண்டார். அதுவரை பதினேழு வருஷம் அந்தப் பெண் கோர்ட் படி ஏறி இறங்கினாள். முதல் மனைவி உயிரோடிருக்க, விவாகரத்துத் தீர்ப்பு இல்லாமல் மறுமணம் செய்தால் ஏழு வருஷம் வரை தண்டனை. முதல் கல்யாணத்தை மறைத்துச் செய்தால் பத்து வருஷம் வரை.

தண்டனை போகட்டும். ஆலையில் விபத்து நடந்து தொழிலாளி இறந்துபோனால் என்ன ஆகும்? பி.எப். ஆபீஸில் இரண்டு பெண்கள் வந்து நிற்பார்கள். இருவரும் அழுவார்கள். பணம் நிலுவையில் கிடக்கும். இதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

அந்த முத்திரைத் தாளால் பெண்ணுக்கு நேரும் கேடு இன்னும் பெரிது. ஜீவனாம்சம் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தது அவளைக் கட்டாது, சட்டம் தந்த உரிமையை இப்படி எழுதி வாங்க முடியாது என்று கோர்ட்டுகள் சொல்லியிருக்கின்றன. குழந்தையின் பங்கை விட்டுக்கொடுக்கத் தாய்க்கே அதிகாரமில்லை. ஆனால் இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று அதே சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தாளை எடுத்து நீட்டுவார்: "பாருங்கள், சம்மதித்துப் பிரிந்திருக்கிறாள்!" விவாகரத்துக்கு உதவாத தாள், அவள் சோற்றைத் தட்டிப் பறிக்க உதவும்.

ஜீவனாம்சம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முன்பு கிரிமினல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவு என்று எல்லோரும் அறிந்தது, 2024 ஜூலை முதல் 144-வது பிரிவாகிவிட்டது. புதுச் சட்டத்தின் பெயர் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. கூலிக்காரப் பெண்ணின் வாயில் நுழையாத பெயரை அவளுடைய சோற்றுக்கான சட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள்! பெயர் எதுவானாலும் உரிமை பழைய உரிமைதான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத மனைவி கேட்கலாம். விவாகரத்தான பிறகும், மறுமணம் செய்யாதவரை கேட்கலாம். குழந்தைகளும் கேட்கலாம், வயதான தாய் தகப்பனும் மகனிடம் கேட்கலாம். மாதம் 500 ரூபாய்க்கு மேல் இல்லை என்றிருந்த உச்சவரம்பு 2001-ல் எடுக்கப்பட்டது. தான் இருக்கும் ஊரிலேயே பெண் மனுப் போடலாம். கணவன் சென்னையில் இருக்கிறான் என்று செய்யாற்றிலிருந்து பஸ் ஏற வேண்டியதில்லை. விவாகரத்து மனுவுக்கும் 2003 முதல் பெண்ணுக்கு இந்தச் சலுகை உண்டு. இடைக்கால ஜீவனாம்சத்தை, நோட்டீஸ் சேர்ந்த அறுபது நாளில் கூடியவரை முடிவு செய்ய வேண்டும். மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகை தரவேண்டும், இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணம் செய்து எழுதித் தரவேண்டும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் விதித்தது. ஓவர்டைம் சம்பளத்தை மறைக்கும் நண்பர்கள் கவனிக்க!

கணவன் தரப்பையும் பேசவேண்டும், இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களில் பாதிப்பேர் அந்தத் தரப்பு. உடல் திடமுள்ள கணவன் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. சொன்னது சரி. ஆனால் கம்பெனி கதவடைத்து, நாலு மாதச் சம்பளம் பாக்கி வைத்த முதலாளி வெளியே உலவுகிறான். ஜீவனாம்சம் கட்டாத தொழிலாளிக்கு, பாக்கி வைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை ஜெயில்! வேலை போனால் ஒளிந்து திரியாதீர்கள். நிலைமை மாறியது என்று காட்டித் தொகையைக் குறைக்கக் கேட்க அதே சட்டத்தில் 146-வது பிரிவு இருக்கிறது. ஒளிந்தவனுக்கு வாரண்டு வரும், மனுப் போட்டவனுக்கு விசாரணை கிடைக்கும். பெண்ணுக்கும் ஒரு வார்த்தை: பாக்கியை வசூலிக்கும் மனுவை ஒரு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

முஸ்லிம் தோழர்களின் வீடுகளிலும் இந்தக் கேள்வி வருகிறது. இந்தூரைச் சேர்ந்த ஷா பானு வழக்கில் 1985-ல் கிடைத்த உரிமையை 1986-ல் ராஜீவ் காந்தி சர்க்கார் வேறு சட்டம் போட்டு வளைத்தது. தலாக் ஆன பெண்ணும் இந்தப் பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கிவிட்டது. கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டம். புருஷன் சோரம் போனது மட்டும் போதாது, கூடவே வேறு கொடுமையும் நிரூபிக்க வேண்டும் என்று மனைவியை மட்டும் கட்டிப்போட்டிருந்த அந்த விதி 2001-ல்தான் ஒழிந்தது.

இனி, குழந்தை யாரிடம்? இதில்தான் கண்ணீர் அதிகம். "நான் மாதச் சம்பளக்காரன், அவள் சித்தாள், பிள்ளை எனக்குத்தான்" என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. 1956-ம் வருஷத்துச் சட்டப்படி ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும். அதற்குமேல் எது குழந்தைக்கு நல்லது என்பதே முதல் கேள்வி. சம்பளச் சீட்டு மட்டும் அதைத் தீர்மானிக்காது. விவரம் தெரிந்த வயதானால் குழந்தையின் விருப்பத்தையும் கோர்ட் கேட்கலாம். தகப்பனுக்குப் பிறகே தாய் கார்டியன் என்று படித்துவந்த சட்டத்துக்கு, எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-ல் புது அர்த்தம் கிடைத்தது: தகப்பன் பொறுப்பில் இல்லாதபோது, அவர் உயிரோடிருந்தாலும் தாயே கார்டியன். குழந்தை யாரிடம் இருந்தாலும் மற்றவர் வந்து பார்க்க உரிமையுண்டு. பள்ளிக்கூட வாசலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு ஓடுவது வீரமல்ல. அப்படிச் செய்தவர்கள் பெரும்பாலும் கோர்ட்டில் தோற்றார்கள். அதைவிட, பிள்ளையின் கண்ணில் தோற்றார்கள்.

அடி உதை விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வாடகை வீடு புருஷன் பெயரில் இருந்தாலும், மாமனார் பெயரில் சொந்த வீடு இருந்தாலும், சட்டப்படியன்றி மனைவியை வெளியே தள்ள முடியாது. அவள் கொண்டுவந்த நகையும் பாத்திரமும் அவளுடையவை.

இருவரும் மனமொத்துப் பிரிய விரும்பினால் வழி இல்லையா? இருக்கிறது. 1976-ல் வந்த 13-பி பிரிவு. ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருந்தால் இருவரும் சேர்ந்து மனுப் போடலாம். ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து சம்மதம் சொன்னால் தீர்ப்பு. இனிச் சேர வழியே இல்லை, பாக்கி எல்லாம் தீர்ந்துவிட்டது என்றால் அந்த ஆறு மாதத்தையும் கோர்ட் விட்டுக்கொடுக்கலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. முத்திரைத் தாளில் எழுதிய மூன்று வரியில் நியாயமானதை இந்த மனுவில் எழுதினால் அது நிற்கும்.

வக்கீலுக்குப் பணம்? குடும்ப கோர்ட்டில் நீங்களே பேசலாம். வக்கீல் வைத்துக்கொள்வதுதான் அங்கே கோர்ட் அனுமதியோடு நடக்க வேண்டிய காரியம். வேண்டுமென்றால் 1987-ம் வருஷத்துச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளிக்கும் வருமானக் கணக்கே கேட்காமல் தரவேண்டும். ஆலைத் தொழிலாளி என்ற வார்த்தை சட்டத்திலேயே இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? போன் நம்பர் 15100. ஒவ்வொரு ஜில்லா கோர்ட்டிலும் ஆபீஸ் இருக்கிறது.

இவ்வளவு சட்டம் இருந்தும் ஏன் ஜனங்கள் திண்ணைக்குப் போகிறார்கள்? அறியாமை என்று மட்டும் சொல்வது சோம்பேறித்தனம். ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து ஐகோர்ட் வளாகத்திலுள்ள குடும்ப கோர்ட்டுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. பெயர் கூப்பிடுவார்கள், வாய்தா கொடுப்பார்கள். மறுபடி ஒரு நாள். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு நாலு நாள் லீவு என்றால் வேலையே போகும். திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் முடிந்துவிடுகிறது. அதனால்தான் கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011-ல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட் கடுமையாகச் சொன்ன பிறகும் அது சாகவில்லை.

நாமும் யோக்கியர்கள் அல்ல. சில வருஷங்களுக்கு முன் நம் சங்க ஆபீஸிலேயே, இதே மேஜையில், இப்படி ஒரு தாள் எழுதப்பட்டது. இதை எழுதுகிறவனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். சண்டை தீர்ந்ததே என்று டீ குடித்துக் கலைந்தோம். அந்தப் பெண் பிறகு இரண்டு பிள்ளைகளோடு வீட்டு வேலை செய்து பிழைத்தாள். ஜீவனாம்சம் கேட்கலாம் என்று அவளுக்குச் சொன்னவர் இல்லை. சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். முதலாளியிடம் ஒப்பந்தம் போடும்போது ஒவ்வொரு வரியையும் நாலு முறை படிக்கிற நாம், அன்று அந்தத் தாளை ஒருமுறை கூடச் சரியாகப் படிக்கவில்லை.

சோவியத் அரசு 1917 டிசம்பரிலேயே விவாகரத்தை எளிதாக்கியது. ஆனால் அதற்கடுத்த வருஷங்களில் கைக்குழந்தையோடு கைவிடப்பட்ட தாய்மார்கள் ஜீவனாம்சத்துக்காகக் கோர்ட் வாசலில் நிற்கவேண்டி வந்தது. குழந்தைக்குச் சோறு யார் போடுவது என்ற கேள்வி அங்கேயும் விடவில்லை.

ஆகவே, குடும்ப வழக்குக்குக் கோர்ட் போகும் நாளைச் சம்பளத்தோடு கூடிய லீவாகக் கணக்கிட வேண்டும் என்பதைச் சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கூலி ஜனங்களுக்கு மாலை நேர விசாரணை வேண்டும். இலவச வக்கீல் பெயரளவில் இல்லாமல் வாய்தாவுக்கு வந்து நிற்க வேண்டும். இவற்றைச் சர்க்காரிடம் கேட்பதோடு, சங்க ஆபீஸ்களில் முத்திரைத் தாள் எழுதுவதை இன்றே நிறுத்த வேண்டும்.

லேத் தொழிலாளியின் ஆவணிக் கல்யாணம் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. பெண் வீட்டாரிடம் அவரே நேரில் போய்ச் சொன்னார். கோபம் இருக்கிறது, அது நியாயமும்கூட. அவரும் மனைவியும் தனித்தனியாக இலவச வக்கீலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட விஷயமுள்ளவர்கள் ஞாயிறு காலையில் சங்க ஆபீஸுக்கு வரலாம். கல்யாணப் பத்திரிகை அல்லது போட்டோ, ரேஷன் கார்டு, குழந்தையின் பிறப்புச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கொண்டு வரவும். முத்திரைத் தாள் இருந்தால், கிழித்துவிடாமல் அதையும்.