தொண்டர் என்ற சொல்லுக்கு இரண்டு விலை

சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் எனது பழைய மாணவர் ஒருவர் சவளக்கடைக்கு என்னைப் பார்க்க வந்திருந்தார். கையில் மெல்லிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று. "சேர், இதில நீங்களும் இரிக்கீங்க. ஆனா பேர் போடல்ல" என்று சொல்லிச் சிரித்தார்.

சுனாமிக்கு அடுத்தடுத்த வருடங்களில் கல்முனைக் கரையோரப் பாடசாலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து தொண்டு செய்ய வந்த இளைஞர் யுவதிகளை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்களில் ஒருவர், 2006 ஜனவரியில் நான் படிப்பித்த பாடசாலையில் ஆறு வாரங்கள் இருந்த ஓர் ஐரோப்பிய யுவதி, தனது நாட்குறிப்பைப் பின்னாளில் அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்திருக்கிறார். அட்டைப் படத்தில் பல் விழுந்த சிறுவனாகச் சிரிப்பவர்தான் என் மாணவர். தேடிப்பிடித்து அவருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார் ஆசிரியை.

இரண்டு நாளில் வாசித்து முடித்தேன். சுபஹு பாங்கோடு கண்விழிக்கிறார். இடியப்பமும் சொதியும் உண்கிறார். ஓட்டோவில் போகிறார். வாசலிலேயே பிள்ளைகள் ஓடிவந்து கையைப் பிடிக்கின்றனர். பாட்டு, வண்ணப் பென்சில், பந்து. பின்னேரம் கடற்கரை. இந்தப் பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை, ஆனாலும் எப்படிச் சிரிக்கிறார்கள் என்ற வியப்பு ஐந்தாறு இடங்களில் வருகிறது. வீடு கடலோடு போய் ஒரு வருடம் ஆன பிள்ளைகள் அவர்கள். வெள்ளைக்கார டீச்சரைக் கண்டால் சிரிக்க வேண்டும் என்று நாங்கள்தான் சொல்லி வைத்திருந்தோம். அந்தப் பழி எங்களுடையது.

நான் வருவது முப்பதாம் பக்கத்தில். பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஒருவர் தினமும் தாமதமாக, முழங்கால் வரை நனைந்த காற்சட்டையோடு வருவாராம். வந்ததும் பிள்ளைகளை ஒரே குரலில் கத்தவிட்டுப் பாடம் நடத்துவாராம். இந்த நாட்டில் நேரத்துக்கு மதிப்பில்லை என்பதற்கு அது உதாரணமாம்.

சவளக்கடையிலிருந்து கல்முனைக்குப் போகும் நேர்வழி கிட்டங்கித் தாம்போதியைக் கடக்கிறது. மாரி காலத்தில் வெள்ளம் தாம்போதியை மேவிப் பாயும். அந்நாட்களில் நான் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நடந்தேன். தண்ணீர் கூடினால் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினேன். அந்தப் பயணம் என்னவென்று 2024 நவம்பரில் மாவடிப்பள்ளி வெள்ளத்தில் மதரசாப் பிள்ளைகளைப் பறிகொடுத்த எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த யுவதி ஒரு நாள் "ஏன் நனைந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆறு வாரத்தில் கேட்கவில்லை. என் அரைகுறை ஆங்கிலத்தில் நானாகச் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

இதை எழுதுவது அந்தப் பக்கத்துக்கு வஞ்சம் தீர்க்க அல்ல. கொஞ்சம் உண்டுதான், மறைக்கவில்லை. என் வழக்கு வேறு. அப்போது நானும் அதே பாடசாலையில் தொண்டர்தான்.

யுத்த காலத்தில் வடக்குக் கிழக்கில் ஆசிரியர் இல்லாத வகுப்புகளை நிரப்பியவர்களுக்குத் தொண்டர் ஆசிரியர் என்று பெயர். உயர்தரம் படித்து முடித்த கையோடு, சம்பளமின்றி, என்றாவது நியமனம் வரும் என்ற நம்பிக்கையில் வருடக்கணக்காகப் படிப்பித்தவர்கள். நியமனம் கேட்டு அவர்கள் வீதியில் இருந்ததும், பட்டியலில் பெயர் விடுபட்டவர்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்ததும் கிழக்கு மாகாணத்தில் யுத்தம் முடிந்த பிறகும் தொடர்ந்த கதை. நான் 2002இல் சேர்ந்தேன். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் தரும், தந்தால். என் உம்மா பாய் இழைத்து விற்றுத்தான் அந்த வருடங்களில் எங்கள் அடுப்பு எரிந்தது.

ஆகவே அந்த ஜனவரியில் ஒரே கட்டடத்தில் இரண்டு தொண்டர்கள் இருந்தோம். ஒருவர் தொண்டு செய்வதற்காகத் தன் நாட்டு நிறுவனமொன்றுக்குப் பணம் கட்டி வந்தவர். அந்தப் பணத்தில் எங்கள் பாடசாலைக்கு ஒரு கரும்பலகைகூட வரவில்லை. மற்றவர் அவருடைய ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லி, பிள்ளைகளின் தமிழை ஆங்கிலத்தில் சொல்லி, இடையில் தன் வகுப்பையும் பார்த்துக்கொண்டவர். பிள்ளைகள் ஒரே குரலில் கத்தியது அதனால்தான். ஆசிரியர் அடுத்த வகுப்பில் மொழிபெயர்க்கும்போது நாற்பத்தி மூன்று பிள்ளைகளை இருத்தி வைக்க வாய்ப்பாட்டைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவர் வந்த நாளில் பேண்ட் வாத்தியம், மாலை, வட்டிலப்பம். அன்று நான்கு பாடவேளைகள் போயின. போன நாளில் இன்னும் நான்கு. வருகையும் பிரியாவிடையும் பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் அரைப்பக்கம் அரைப்பக்கமாகப் பதியப்பட்டன. நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சையில் என் சேவைக்கு ஆதாரம் கேட்டார்கள். அதே புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால், நான் சேர்ந்த திகதியைத் தவிர என்னைப் பற்றி ஒரு வரி கிடையாது. தொண்டர் ஆசிரியர்களின் வரவு இடாப்பு ஒரு பழைய கொப்பியில் இருந்தது. அந்தக் கொப்பியைக் காணவில்லை. பெற்றோர் ஒன்பது பேர் கையொப்பமிட்டுக் கொடுத்த கடிதத்தாலும், ஓய்வுபெற்ற ஒரு பகுதித் தலைவரின் நல்ல மனதாலும் நான் தப்பினேன். என்னோடு இருந்த இரு பெண் பிள்ளைகள் தப்பவில்லை. ஒருவர் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனார். இலக்கிய வட்டத்து நண்பர்கள் சிலர் இதையும் அதையும் ஏன் முடிச்சுப் போடுகிறாய் என்பர். ஒரே புத்தகத்தில், ஒரே பேனையால், ஒரு தொண்டர் எழுதப்பட்டும் இன்னொரு தொண்டர் எழுதப்படாமலும் போனதால் முடிச்சுப் போடுகிறேன்.

வெளிநாட்டவர் வரக்கூடாது என்பது என் கட்சி அல்ல. இவான் இல்லிச் 1968இல் மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில், அங்கு தொண்டு செய்ய வந்த அமெரிக்க மாணவர்களை முகத்துக்கு நேரே பார்த்து, பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்ற கருத்தில் பேசினார். உதவப்போகும் மக்களின் மொழி தெரியாதவனுக்கு அவர்கள் தன்னை ஏசுவதுகூட விளங்காது என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. கல்லூரி நாட்களில் அட்டாளைச்சேனைக் கலாசாலை விரிவுரையாளர் ஒருவர் இதைச் சொன்னபோது நான் கைதட்டினேன். இன்று அவ்வளவு தூரம் போக மாட்டேன். காரணம், மட்டக்களப்பு.

அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1948இல் கிழக்குக்கு வந்த யேசுசபைத் துறவி யூஜின் ஹேபர்ட் எங்கள் மாகாணத்துப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கினார். நாற்பத்திரண்டு வருடம் இருந்தார். 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூடச்சென்ற தமிழ் இளைஞரோடு காணாமற்போனார். அந்த மாதத்து வீதிகளில் எம்மவரும் கொல்லப்பட்டனர், எம்மவர் பெயராலும் நடந்தன. அதைப் பற்றி நம் பக்கங்களில் நாம் இன்னும் போதிய அளவு எழுதவில்லை. அவரோடு சேர்ந்து நினைக்கப்படும் பெஞ்சமின் மில்லர் பாதிரியாரும் மட்டக்களப்பிலேயே முதுமையடைந்து 2019இல் காலமானார். வெபர் பாதிரியாரின் பெயரில் மட்டக்களப்பில் விளையாட்டரங்கே இருக்கிறது. அவர்கள் தம் மதத்துக்காக வந்தவர்கள் என்பது தெரியும். ஆனாலும் நனைந்த காற்சட்டைக்குக் காரணம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அவ்வளவு காலம் எல்லோராலும் இருக்க முடியாது, சரி. 1961இல் தொடங்கிய அமெரிக்க சமாதானப் படையில் கூட இரண்டு வருடச் சேவையும் அதற்கு முன் மொழிப் பயிற்சியும் உண்டு. பிரித்தானியாவில் 1958இல் தொடங்கிய வீ.எஸ்.ஓ. முதலில் பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளைத்தான் அனுப்பியது. பின்னர் தொழில் தெரிந்தவர்களை அனுப்பும் அமைப்பாக மாறியது. அறுபது வருடங்களுக்கு முன் விளங்கிய இந்த விடயம், ஆறு வாரப் பொதி விற்கும் நிறுவனங்களுக்கு விளங்கவில்லையா? விளங்கியிருக்கும். இரண்டு வருடத்தை விற்க முடியாது.

அந்த யுவதிக்கும் நான் ஒரு நியாயம் செய்ய வேண்டும். அவருடைய கடைசி இரண்டு வாரங்களில், மழை விடாத பின்னேரங்களில், அலுவலக அறையில் இருந்து எனக்கு ஆங்கில உச்சரிப்புச் சொல்லித் தந்தார். மேற்பல்லைக் கீழ் உதட்டில் வைத்து ஊதச் சொல்லி, 'ப'வையும் 'ஃப'வையும் பிரித்துக் காட்டினார். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையிடம் முதல் கேள்வியைக் கேட்கும் பழக்கமும் அவரிடமிருந்து வந்தது. இருபது வருடமாக அந்த இரண்டையும் செய்கிறேன். எத்தனை நூறு பிள்ளைகளுக்கு அது போயிருக்கிறது! அவர் அந்த ஆறு வாரத்தில் செய்த உருப்படியான தொண்டு அதுதான். புத்தகத்தில் அதற்கு ஒரு வரியும் இல்லை. ஒரு ஆசிரியனுக்குச் சொல்லிக் கொடுத்தால் படம் எடுக்க எதுவும் இல்லை அல்லவா?

வெள்ளைக்காரரை மட்டும் ஏசிவிட்டு நாம் கை கழுவவும் முடியாது. கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் எமது சமூகத் தனவந்தர்கள் வான் பிடித்து வருகிறார்கள். கொப்பி, பை, சப்பாத்து. மேடையில் பிள்ளையை நிறுத்தி, பையை அரைவாசி கொடுத்து அரைவாசி பிடித்துக்கொண்டு, படம் எடுத்து முடியும்வரை கையை விடுவதில்லை. ஒருமுறை தரம் நான்கு பிள்ளை ஒன்று என்னிடம், "சேர், அந்த ஹாஜியார் ஏன் பேக்கைத் தராம இழுத்தார்?" என்று கேட்டது. ஸதகாவை இடக்கைக்குத் தெரியாமல் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு நான் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வது?

இப்போது நான் இருக்கும் பாடசாலைக்கும் சென்ற மாதம் ஒரு கடிதம் வந்திருக்கிறது. நான்கு பேர், ஐந்து வாரம், ஆங்கிலமும் விளையாட்டும். ஆசிரியர் கூட்டத்தில் நான் சில விடயங்களை எழுதிக் கொடுத்தேன். வருபவர்கள் பிள்ளைகளுக்கு நேரடியாகப் படிப்பிக்க வேண்டாம். பாடசாலை விட்ட பின் ஆங்கில ஆசிரியர்கள் மூவரோடும் இருக்கட்டும். வரவேற்பு வைபவம் வேண்டாம். பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுக்கக்கூடாது. அவர்கள் தங்கள் நிறுவனத்துக்குக் கட்டும் தொகை எவ்வளவு, அதில் பாடசாலைக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் தர வேண்டும். அவர்களைச் சம்பவத் திரட்டில் பதிகிற அன்றே, ஆரம்பப் பிரிவில் இரண்டு வருடமாகச் சம்பளமின்றிப் படிப்பிக்கும் எங்கள் தங்கச்சியின் பெயரையும் சேவைக் காலத்தையும் அதே பக்கத்தில் பதிய வேண்டும்.

கடைசி விடயத்தை வாசித்ததும் அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். "மாஸ்டர், இது அவங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயமே" என்றார். சம்பந்தம் உண்டு என்று அரை மணித்தியாலம் பேசினேன். மேலே எழுதியிருப்பதெல்லாம் அப்போது பேசியதுதான். முடிவெடுக்க ஒரு கிழமை கேட்டிருக்கிறார். அந்தத் தங்கச்சி கூட்டத்தில் இல்லை. தரம் மூன்றில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.