நாலு மணிப் பசி

பசியை அடக்கப் பொடி, மாத்திரை என்று வாட்ஸ்அப்பில் தினம் ஒரு விளம்பரம் வருகிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நம் வயதில் கண்ட நேரத்தில் வருகிற பசியில் பாதி, அதற்கு முன் சாப்பிட்டதன் விளைவு. மூன்று இட்லியைச் சர்க்கரை தொட்டு முடித்தால் பதினொரு மணிக்கே கை பிஸ்கட் டப்பாவைத் தேடும். அதே இட்லிக்குப் பருப்பும் காயும் நிறைந்த சாம்பார் ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டால் மதியம் வரை தாங்கும். புரதமும் நார்ச்சத்தும் மெதுவாகச் செரிப்பதுதான் காரணம். நாலு மணிக்கு மிக்சருக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் போதும். பல் ஒத்துழைக்காதவர்கள் பாசிப்பயறைக் குழைய வேகவைத்துக்கொள்ளலாம்.

வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரச் சுமார் 20 நிமிடம் ஆகும். சீரியல் பார்த்தபடி ஐந்தே நிமிடத்தில் தட்டைக் காலி செய்கிறவருக்கு, அதற்குள் இரண்டாம் முறை சோறு விழுந்துவிடுகிறது. (பரிமாறுகிறவர்களின் அன்பும் ஒரு காரணம், அதை யார் சொல்வது!)

"நான் ராத்திரி சாப்பிடுவதே இல்லை" என்று நடைப்பயிற்சியில் பெருமை பேசுபவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்தால், சர்க்கரை தாழ்ந்து நடுராத்திரியில் வியர்த்துக் கொட்டும், மயங்கியும் விழலாம். அதேபோல, எந்த முயற்சியும் இல்லாமலே பசி குறைந்து, வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தால், இளைத்துவிட்டோம் என்று சந்தோஷப்படாமல் அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.