புயல் நேரத்தில் காரிலிருந்து வீட்டுக்கு கரண்ட் எடுக்கலாமா?

''வர்தா புயலின்போது எங்கள் கிராமத்தில் பல நாள்கள் கரண்ட் இல்லை. பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் 'பிளக்-இன் ஹைபிரிட்' கார் வாங்கினால், மின்தடை நேரத்தில் அதிலிருந்தே வீட்டுக்கு கரண்ட் எடுக்கலாம் என்று சென்னையில் வேலை பார்க்கும் மகன் சொல்கிறான். உண்மையா? கிணற்று மோட்டாரையும் ஓட்டலாமா? எப்படி இணைப்பது?''

- வாசகர், உத்திரமேரூர்.

எடுக்கலாம். ஆனால், கடைசியாகக் கேட்டிருக்கிறீர்களே, 'எப்படி இணைப்பது' என்று... அதற்கான பதிலை முதலில் படித்துவிடுங்கள். அதில் ஓர் உயிர் இருக்கிறது. அது பெரும்பாலும் உங்கள் வீட்டு உயிராக இருக்காது. தெருக்கோடியில் கம்பம் ஏறி நிற்கும் மின்வாரிய ஊழியரின் உயிராக இருக்கும்.

ஜெனரேட்டர் வைத்திருக்கும் சில வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. ஒயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டி, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைச் சுவரில் உள்ள பிளக் பாயின்டிலும் செருகிவிடுவார்கள். வீடு முழுக்க விளக்கு எரியும். அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்காது. மெயின் ஸ்விட்ச் போட்டிருந்தால் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போகும், அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்கும் போகும். டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்குத் தருகிறது. இந்தப் பக்கமிருந்து 230 வோல்ட்டை ஏற்றினால் அதுவே தலைகீழாக வேலை செய்து, அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். 'லைன் ஆஃப்' என்று நம்பி அறுந்த கம்பியைக் கையில் எடுப்பவருக்கு, எந்த வீட்டிலிருந்து கரண்ட் வந்தது என்றுகூடத் தெரியாது. 2018-ம் ஆண்டு கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்தபோது, வெளி மாவட்டங்களிலிருந்து வந்த ஊழியர்கள்தான் டெல்டாவில் அவற்றைத் தூக்கி நிறுத்தினார்கள். முன்பின் தெரியாத ஊரில், எந்த வீட்டில் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? மெயினை அணைத்துவிட்டுத்தான் செருகுவோம் என்பார்கள். இருட்டில், மழையில், வீட்டில் யாராவது ஒருவர் மறந்தால் போதும். தவிர, சுவரிலிருந்து பிடுங்கிய பிளக்கின் பின்னில் கரண்ட் இருக்கும். குழந்தை தொட்டால் அதோடு முடிந்தது.

எனவே, காரின் கரண்டைச் சுவரில் செருகவே கூடாது. காரிலிருந்து ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வீட்டுக்குள் இழுத்து, ஃபேன், ஃபிரிட்ஜ், விளக்கு, செல்போன் சார்ஜர் ஆகியவற்றை அதில் நேரடியாகச் செருகுங்கள். 2.5 சதுர மி.மீ தாமிர ஒயர், மூன்று பின் உள்ள 16 ஆம்பியர் பிளக் அவசியம். சுருளை முழுவதும் விரித்துவிட வேண்டும். சுற்றிய நிலையில் அதிக லோடு போனால் சூடாகி உருகும். பிளக் பாக்ஸ் மழையில் நனையக் கூடாது.

சீலிங் ஃபேனும் டியூப் லைட்டும் வீட்டு ஒயரிங்கிலேயே ஓட வேண்டும் என்றால், உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்து 'சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச்' போட வேண்டும். ஒரு பக்கம் ஈ.பி, மறுபக்கம் கார்; இரண்டும் ஒரே நேரத்தில் சேராது. நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் இரண்டு போல் ஸ்விட்ச்தான் வேண்டும். எர்த் விஷயத்தில் காருக்குக் காருக்கு வித்தியாசம் இருப்பதால், காரின் கையேட்டை அவரிடம் காட்டிவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

இப்போது காருக்கு வருவோம். இந்த யோசனைக்கு வழிகாட்டியது ஜப்பான். 2011 மார்ச் மாதம் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கியபோது அங்கே பெட்ரோல் கிடைக்காமல் தவித்தார்கள். கரண்ட் திரும்பிய இடங்களில் மின்சார கார்கள் நிவாரண வேலைக்கு ஓடின. அடுத்த ஆண்டே நிஸான் நிறுவனம், 'லீஃப்' காரிலிருந்து வீட்டுக்கு கரண்ட் கொடுக்கும் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 2013-ல் வந்த மிட்சுபிஷியின் 'அவுட்லேண்டர்' பிளக்-இன் ஹைபிரிட்டில் 1,500 வாட் கொடுக்கும் பிளக் பாயின்டை காருக்குள்ளேயே வைக்க முடிந்தது.

நம் ஊரில் நிலைமை வேறு. பிளக்-இன் ஹைபிரிட் என்று இங்கே கிடைத்து வந்தவை பெரும்பாலும் பல லட்சம் விலையுள்ள சொகுசு கார்கள். ஷோரூமில் வெறும் 'ஹைபிரிட்' என்று சொல்லி விற்கப்படும் இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா போன்றவை வேறு வகை. அவற்றை வீட்டில் சார்ஜ் போட முடியாது. பேட்டரியில் இரண்டு யூனிட்கூடத் தேறாது. பெயர் ஒன்றாக இருப்பதால் மகனுக்கும் குழப்பம் வந்திருக்கலாம். உங்கள் தேவைக்கு நெருக்கமாக வருவது, 'வி-டூ-எல்' வசதியுள்ள முழு மின்சார கார். உதாரணமாக, 2023-ல் வந்த டாடா நெக்ஸான் மின்சார காரில் 3.3 கே.வி.ஏ வரை வெளியே எடுக்கலாம். ஆனால், எந்த கார் ஆனாலும் எல்லா ரகத்திலும் இந்த வசதி இருக்காது. முன்பணம் கொடுப்பதற்கு முன், ஒரு மிக்ஸியைக் கையோடு கொண்டுபோய் அந்தக் காரிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. வசதி இல்லாத காரின் பெரிய பேட்டரியைப் பிரித்து ஒயர் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், விரட்டிவிடுங்கள். அதில் இருப்பது 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட டி.சி கரண்ட்.

கணக்கு போட்டுப் பார்த்தால் நம்பிக்கை வரும். மூன்று ஃபேன் 10 மணி நேரம் ஓடினால் இரண்டேகால் யூனிட். எல்.இ.டி பல்புகள் ஆறு சேர்ந்து அரை யூனிட்டைத் தொடாது. ஃபிரிட்ஜுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை யூனிட். டி.வி, செல்போன், மிக்ஸி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 யூனிட் என்று வையுங்கள். 40 யூனிட் பேட்டரி முழு சார்ஜில் இருந்தால், 5 நாள்கள் தாராளமாக ஓட்டலாம். வீட்டில் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்திருக்கும் பெரியவர் இருந்தால் கணக்கு மாறிவிடும். 350 வாட் இழுக்கும் அந்தக் கருவி இரவும் பகலும் ஓடினால், அது ஒன்றே 8 யூனிட்டுக்கு மேல் சாப்பிடும். அப்படிப்பட்ட வீட்டில் ஃபேனைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்திருந்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட்டினால் இன்சுலின் போன்ற மருந்துகள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும்.

40 யூனிட்டையும் வீட்டுக்கே கொடுத்துவிடக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். புயல் நேரத்தில் அந்தக் கார்தான் உங்கள் ஆம்புலன்ஸ். உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 30 கிலோ மீட்டர். போய் வர 8, 9 யூனிட் ஆகும். மரம் விழுந்து சுற்றிப்போக வேண்டியிருந்தால் இன்னும் கூடும். 30 சதவிகிதத்துக்குக் கீழே இறங்காதபடி நிறுத்திக்கொள்ளுங்கள். இதைக் காரின் திரையிலேயே அமைத்துவிடும் வசதி சில மாடல்களில் உண்டு.

கிணற்று மோட்டாரை மறந்துவிடுங்கள். 5 ஹெச்.பி மோட்டாருக்குத் தேவை த்ரீ பேஸ். கார் தருவது சிங்கிள் பேஸ். வீட்டு போரில் உள்ள 1 ஹெச்.பி மோட்டாரே சந்தேகம்தான். ஓடும்போது 5, 6 ஆம்பியர் இழுத்தாலும் கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். கார் தருவதோ 14 ஆம்பியர். கார் உடனே கரண்டை நிறுத்திக்கொள்ளும். திரும்பத் திரும்ப முயன்று பார்க்க வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்த அன்றே மேல்நிலைத் தொட்டி, மாட்டுத் தொட்டி, அண்டா, குடம் எல்லாவற்றையும் நிரப்பிவிடுவதுதான் வழி. காரையும் அன்று காலையிலேயே சார்ஜில் போட்டுவிடுங்கள். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் முழுதாக ஏற ஓர் இரவே ஆகும். கிராமத்து லோ வோல்டேஜில் பாதியில் நின்றுபோவதும் உண்டு.

ஒருவேளை பிளக்-இன் ஹைபிரிட் காரே கைக்கு வந்தால், கூடுதலாக ஓர் ஆபத்து இருக்கிறது. பேட்டரி குறைந்ததும் பெட்ரோல் இன்ஜின் யாரும் கை வைக்காமலே கிளம்பிவிடும். எல்லோரும் தூங்கும் நேரத்தில், மூடிய ஷெட்டிலோ ஜன்னல் ஓரத்திலோ அது ஓடினால், கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மழைக்குப் பயந்து காரை மாட்டுக்கொட்டகைக்குள் நிறுத்தினால் மாடுகளுக்கும் அதே கதிதான். மேட்டில், திறந்தவெளியில், ஜன்னலுக்குத் தள்ளித்தான் நிறுத்த வேண்டும்.

இதற்காகவே கார் வாங்கலாமா என்றால், வேண்டாம். எப்படியும் கார் வாங்கப் போகிற குடும்பம், இந்த வசதியையும் பார்த்து வாங்கலாம். மற்றவர்களுக்கு 150 ஏ.ஹெச் பேட்டரியும் இன்வெர்ட்டரும் போதும், எல்.இ.டி பல்புகளும் இரண்டு ஃபேனும் ஓர் இரவைத் தாண்டும். சாதாரண கார் வைத்திருப்பவர்கள், இன்ஜினை ஓடவிட்டு 12 வோல்ட் பேட்டரியில் 300 வாட் இன்வெர்ட்டரை மாட்டி செல்போன்களுக்கும் இரண்டு விளக்குக்கும் கரண்ட் எடுக்கலாம். சிகரெட் லைட்டர் துளையில் மாட்டினால் 100 வாட்டுக்கு மேல் ஆசைப்படக் கூடாது.

''டிராக்டரிலிருந்து கரண்ட் எடுத்து 5 ஹெச்.பி மோட்டார் ஓட்ட முடியுமா?''

- வாசகர், மதுராந்தகம்.

முடியும். பி.டி.ஓ-வில் இணைக்கும் ஆல்டர்னேட்டர்கள் இதற்கென்றே கிடைக்கின்றன. 5 ஹெச்.பி மோட்டாரைக் கிளப்ப 12.5 அல்லது 15 கே.வி.ஏ த்ரீ பேஸ் ஆல்டர்னேட்டரும், 35 ஹெச்.பி-க்குக் குறையாத டிராக்டரும் வேண்டும். பி.டி.ஓ 540 சுற்றில் நிலையாக ஓட வேண்டும். வேகம் ஏறி இறங்கினால் வோல்டேஜும் ஏறி இறங்கி, மோட்டார் காயில் கருகும். மோட்டார் ரூமிலும் நான்கு போல் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போட்ட பிறகே இணைக்க வேண்டும். பி.டி.ஓ ஷாஃப்டுக்கு மேல்மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். தோளில் கிடக்கும் துண்டையும் காற்றில் பறக்கும் லுங்கியையும் அது ஒரு நொடியில் சுற்றி இழுத்துவிடும்.